படிப்பறைக்கு ஒரு மாணவன்

"முதல்ல அந்தக் கரடியைத் தூக்குங்க. அது முறைச்சுக்கிட்டே இருந்தா எவனுக்குக் கணக்கு வரும்?" என்றார் டீச்சர்.

தலைவர் மாளிகையின் படிப்பறை அது. மூலையில் பஞ்சு அடைத்த கரடி இரண்டு காலில் நின்றது. மாளிகைக் கண்காணிப்பாளர் தயங்கினார்.

"அது முதல் தலைவர் வேட்டையாடினது, டீச்சர்."

"அவரே சுட்டாரா?"

"சுட்டது டிரைவர். படத்துல நின்னது தலைவர்."

"தூக்கச் சொல்லுங்க" என்றார் பையனின் தாய். நாற்காலி நுனியில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆட்கள் வந்து கரடியைப் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள்.

டீச்சர் ஊருக்குள் டுட்டோரியல் நடத்துகிறவர். மூன்று தடவை தோற்றவர்கள் அவரிடம் வருவார்கள். நான்காவது தடவை தோற்றவர்கள் குறைவு. மாளிகையில் ஒரு பையனுக்குக் கணக்கு வரவில்லை என்று மட்டும் சொல்லி, காலையில் கார் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள்.

"பரீட்சை எப்போ?"

"நாற்பது நாள்ல" என்றார் தாய். "பத்தாவது. மத்ததெல்லாம் தேறிட்டான். கணக்குல மட்டும் மூணு தடவை போயிடுச்சு."

"இந்தத் தடவையும் போனா?"

தாய் பையின் வாரை இறுக்கிப் பிடித்தார். "குடும்பமே வெளியில தலைகாட்ட முடியாது."

டீச்சர் அறையைச் சுற்றி வந்தார்.

"சுவர் ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?"

"மூணாம் தலைவரோட மாமியார் இங்கதான் படுத்திருந்தாங்க" என்றார் கண்காணிப்பாளர். "ஒரு வாரம்னு வந்தாங்க. மருமகன் ஆட்சியே போச்சு, அவங்க போகல."

"அதுக்கு முன்னாடி?"

"பச்சை. ரெண்டாமவர் நடுவுல கேரம் போர்டு போட்டிருந்தார். மந்திரிசபை இங்கதான் கூடும். தோத்தவர் ராஜினாமா."

"ஜன்னல் சட்டம் ஏன் இப்படிக் கொத்திப் போட்ட மாதிரி இருக்கு?"

"நாலாமவர் கிளி வளர்த்தார். அஞ்சாமவர் தூங்கினார்."

"இப்ப இருக்கிறவர்?"

"வந்து மூணு மாசம்தான் ஆகுது. சோபாவை மட்டும் பெரிசாக்கினார்."

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தார். வரிசை முழுவதும் கையோடு வந்தது. எல்லாம் வெறும் அட்டை. பின்னால் இரண்டு பாட்டிலும் ஒரு கிளாஸும் இருந்தன.

கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இந்த அறையில யாராவது எதையாவது படிச்சிருக்காங்களா?"

"பேப்பர் படிச்சிருக்காங்க. அவங்க படம் வந்த பக்கம்."

"சரி. சோபா வெளியே போகட்டும். மேசையைச் சுவரைப் பார்த்துப் போடுங்க. அந்த போனையும் கழட்டுங்க."

"அது நேரா படைத் தளபதிக்குப் போற லைன், டீச்சர்."

"கணக்கு வரலைன்னா தளபதி வந்து போடுவாரா?"

கண்காணிப்பாளர் தாயைப் பார்த்தார். தாய் தலையசைத்தார். போன் கழன்றது.

"தலைவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" டீச்சருக்கே சந்தேகம் வந்தது.

"அம்மா சொன்னா அவர் மறுபேச்சுப் பேச மாட்டார்" என்றார் கண்காணிப்பாளர்.

டீச்சர் தாயின் எதிரே உட்கார்ந்தார்.

"பையன் ஆள் எப்படி?"

"வாய் ஜாஸ்தி. ஒரு கேள்வி கேட்டா பதிலைத் தவிர எல்லாத்தையும் சொல்வான்."

"கூட்டாளிங்க?"

"அதுதான் வினை. முப்பது பேர். எந்நேரமும் கூடவே திரியறானுங்க. இவன் எதைச் சொன்னாலும் சரிம்பானுங்க."

"ஏழும் எட்டும் பதிமூணுன்னு சொன்னா?"

"கை தட்டுவானுங்க."

"பரீட்சை முடியிற வரைக்கும் அவங்க யாரும் வாசல்படி ஏறக் கூடாது."

"ஊருக்கே நல்லது" என்றார் கண்காணிப்பாளர், மெதுவாக.

"இன்னொண்ணு. சொன்னதைச் செய்யலைன்னா நான் ஸ்கேல் எடுப்பேன். அப்புறம் என் பிள்ளையை எப்படித் தொடலாம்னு வரக் கூடாது."

கண்காணிப்பாளருக்கு இருமல் வந்தது.

"எடுங்க" என்றார் தாய். "அவங்கப்பா அப்பவே எடுத்திருந்தா இன்னைக்கு நான் இங்க வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்."

"அப்ப வரச் சொல்லுங்க. இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

கண்காணிப்பாளர் கதவைத் திறந்து வெளியே ஏதோ சொன்னார். வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு காவலர்கள் வாசலின் இருபுறமும் விறைத்து நின்றார்கள். நடுவே தலைவர் வந்தார்.

டீச்சர் பதறி எழுந்தார்.

தலைவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் பிரவுன் அட்டை போட்ட புது நோட்டு இருந்தது.

"நீங்க எதுக்கு எழுந்திருக்கீங்க, டீச்சர்? அவன்தான் நிக்கணும்" என்றார் தாய். "பத்தாவது தேறாதவன் எவனும் பதவியில இருக்கக் கூடாதுன்னு போன வாரம் சட்டம் போட்டானே, கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்தானான்னு கேளுங்க."