வியாழக்கிழமைப் பேருந்து

போதகர் ஐந்தாவது சரணத்தையும் விடவில்லை. அவர் மனைவியும் கூடவே பாடினாள். இந்த மூன்று மாதத்தில் காலை ஜெபப் பாட்டை இருவரில் ஒருவராவது பாதியில் நிறுத்தியது கிடையாது.

"இன்னிக்கு உன் குரல் நல்லா இருந்தது," என்றார் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "இந்தக் காத்து உனக்கு ஒத்துக்கிச்சும்மா."

"ஆமாங்க."

"மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். ஜனங்க காத்துட்டிருப்பாங்க."

மலைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் அவருக்கு வியாழக்கிழமைதோறும் ஊழியம். துண்டுப்பிரதிகள் வைத்த தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேதாகமம் மேசைமேலேயே இருந்தது. முதலில் சில வாரம் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கிறாள். "அது மனசுல இருக்கும்மா" என்று சிரிப்பார்.

கதவு சாத்தப்பட்டதும் அவள் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பையை இழுத்தாள்.

கடல் தாண்டி இங்கே வந்த அன்று, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவர் சொன்னார்: "நம்ம எலும்பு இந்த மண்ணுலதான்." அவள் "சரிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எதற்குமே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவரும் அடிக்கடி அவள் முகத்தைப் பார்ப்பார். அதில் சந்தோஷம் இருக்கிறதா என்று துழாவுகிற பார்வை. அப்படித் தேடுகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் கொஞ்சம் சிரித்து வைப்பாள்.

வீட்டில் மொத்தம் இரண்டு அறை. எந்தச் சன்னலைத் திறந்தாலும் அதே மலை வந்து முகத்துக்கு நேரே நின்றது. எட்டு வயது மகள் ஊழியக்காரர் பிள்ளைகளுக்கான விடுதியில், கடலுக்கு அந்தக் கரையில் இருந்தாள். போன வாரம் கடிதம் வந்தது. "அம்மா, முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு. சிரிக்காம இருக்கேன். நீ வந்தாத்தான் வாயைத் திறப்பேன்."

அவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நம்ம பொண்ணு வாயாடி" என்றார். பிறகு வெகுநேரம் கொல்லையில் விறகு பிளந்தார்.

அவள் ஒரு தாளில் எழுதினாள்: 'நேரில் சொல்லத் தைரியமில்லை. பிள்ளையிடம் போகிறேன். நீங்கள் இருங்கள்.' அதை வேதாகமத்தின் மேல் வைத்தாள். அது சரியாகப் படவில்லை. எடுத்துத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் செருகினாள்.

வெளியே வந்தால் ஆட்டுக்காரி நின்றாள். அடுத்த வீடு. விடிந்தது முதல் இவர்கள் வாசலைப் பார்ப்பதுதான் அவளுக்கு முதல் வேலை. இந்த ஊர்ப் பேச்சு இவளுக்கு இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது.

"என்ன தங்கச்சி, பையெல்லாம் தூக்கிக்கிட்டு?"

"துணி துவைக்க, அக்கா."

"ஆறு அந்தப் பக்கம்ல இருக்கு."

"இந்தப் பக்கமும் போய்ப் பார்க்கலாம்னு..."

"பாரு, பாரு. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு. இருபது வருசமா ஆடுங்களை அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போறேன்."

ஆட்டுக்காரியின் சிரிப்பு முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. ஓடக்கூடாது, நடக்கவேண்டும் என்று கால்களுக்குச் சொல்லிக்கொண்டு அவள் நடந்தாள்.

ரயில் நிலையம் இருக்கும் நகரத்துக்கு வாரத்தில் ஒரே பேருந்து. இன்றைக்கு விட்டால் அடுத்த வியாழன். அதற்குள் அவர் முகத்தை ஏழு நாள் பார்க்கவேண்டும். பார்த்தால் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"எதுவரைக்கும்மா?" என்றார் ஓட்டுநர்.

"கடைசி வரைக்கும்."

"கடைசி வரைக்கும் வெங்காய மூட்டைதான் வரும். இன்னிக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சுது. முன்னால உக்காருங்க."

பேருந்து நகர்ந்தது. கூரைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மார்பில் அழுத்திக்கொண்டிருந்த பையை அவள் மடியில் இறக்கினாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

மூன்றாவது வளைவில், சாலையோரப் பாறை அருகே அவர் நின்றிருந்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் போனவர் இந்தச் சாலைக்கு எப்படி வந்தார்? ஆட்டுக்காரிதான். குறுக்குவழியில் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள்.

"நிறுத்தாதீங்க," என்றாள்.

"ஆள் நிக்குதும்மா. நிறுத்தாமப் போனா பாவம்."

பேருந்து வேகம் குறைந்தது. இருக்கைக்குக் கீழே ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். வெங்காய மூட்டை. இனி வீடு, மலை, செம்புக்கு அடியில் இருக்கும் தாள். அவர் கோபப்படமாட்டார். அதுதான் பயம். 'வாம்மா' என்று மெல்லக் கூப்பிடுவார், இவள் இறங்கிவிடுவாள்.

பேருந்து நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். அவளைப் பார்த்ததும் வெளிறிப்போயிற்று.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தோல்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். ஓட்டுநர் கதவை எட்டித் திறந்து வெளியே தலையை நீட்டினார்.

"என்ன ஐயா, வாராவாரம் பையோட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போறீங்க. இன்னிக்காவது ஏறுவீங்களா?"