ஏழாவது குறிப்பு

"லேக்கெனா, கிட்ட வராதே! ரோட்டுலயே நில்லு!"

சாலையிலிருந்து முப்பதடி உள்ளே, ஒதுங்கப் போன இடத்தில் விச்செத் நட்ட மரமாக நின்றிருந்தான். அவனுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சிவப்புப் பலகை. இரண்டு பக்கமும் மண்டையோடு, கீழே 'ஆபத்து! கண்ணிவெடி!' என்ற எழுத்து. போகிற அவசரத்தில் கண்ணில் படாதது, வேலை முடிந்து திரும்பும்போது பட்டது.

புனோம்பென்னிலிருந்து சைக்கிளில் கிளம்பி இது ஐந்தாம் நாள். சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்காக அவன் செல்பேசியில் எழுதிவரும் குறிப்புகளை நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். விடியுமுன் கிளம்பு, தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடி, ராத்தங்க புத்த விகாரையில் கேள். ஏழாவதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தான்: என்ன அவசரமானாலும் தார் ரோட்டை விட்டு இறங்காதே.

"ஏழாவது குறிப்பை எழுதின மகராசன் நீங்கதானே?" லேக்கெனா திட்டத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. "வந்த தடத்துலயே திரும்பி வாங்களேன்!"

"தடம் எங்க தெரியுது? ஒரே கொடியா கிடக்கு."

காலைச் சுற்றித் தர்பூசணிக் கொடிகள், நடுநடுவே தலையளவு காய்கள், மருந்துக்கும் களை இல்லை. அதையெல்லாம் ரசிக்கும் நிலையில் அவன் இல்லை.

செல்பேசியில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. அரை மணி நேரமாக ஒரு வண்டியும் வரவில்லை. நாலைந்து மாடுகள் மட்டும் மார்ச் மாத வெயிலில் சாலையோரத்துக் காய்ந்த சருகை நக்கிக்கொண்டு போயின.

வலது கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. நடுங்கினாலே வெடித்துவிடுமோ என்று இன்னும் நடுங்கியது. கல்யாணமாகி ஐந்து மாதம்தான். வரமாட்டேன் என்றவளை அவன்தான் பிடிவாதமாக இழுத்து வந்திருந்தான். இப்போது அவளுக்காகச் செய்ய அவனால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

"லேக்கெனா, சொல்றதைக் கேளு. கால் ஆடுது. எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியல. வெடிச்சா சில்லு ரோடு வரைக்கும் பறக்கும். நீ எதிர்ப்பக்கம் போ. அதோ, புல்லுக்கு நடுவுல கறையான் புத்து தெரியுதுல்ல? அதுக்குப் பின்னால போய்ப் படுத்துக்கோ."

"உங்களை விட்டுட்டா?"

"நீ இங்க நின்னு என்ன பண்ணப் போற? உன்னையாவது காப்பாத்தின நிம்மதி எனக்கு இருக்கட்டும். போம்மா!"

எதிர்ப்பக்கம் இடுப்பளவுக்குப் பச்சைப்புல். ஒரு மாடு வாய் வைத்த அடையாளம் கூட இல்லை. நல்ல மறைவு என்று அவனுக்குத் தோன்றியது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி புல்லுக்குள் இறங்கி, புற்றுக்குப் பின்னால் மறைந்தாள். அதன் பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து, தலையில் கட்டம் போட்ட துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் கொடிகளைத் தாண்டித் தாண்டி நேராக அவனை நோக்கி வந்தார்.

"ஐயோ மாமா, வராதீங்க! கண்ணிவெடி!"

அவர் நிற்கவே இல்லை. பக்கத்தில் வந்து, அவன் நிற்கிற கோலத்தைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க தம்பி கண்ணிவெடி? மூணு வருஷமா இங்க உழுதுக்கிட்டு இருக்கேன். அந்தப் பலகை நான் நட்டது."

"நீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? உங்க சைக்கிள்காரங்க தொல்லை தாங்க முடியல. தோட்டத்துக்குள்ள கூடாரத்தைப் போட்டு, பழத்தை உடைச்சுத் தின்னுட்டு, இப்ப நீ வந்த வேலையையும் முடிச்சுட்டுப் போயிடறாங்க. இந்த மண்டையோட்டை நட்ட இந்த ஒரு மாசமா ஒருத்தன் இறங்கல. நீதான் முத ஆளு!"

விச்செத் கொடிமேலேயே உட்கார்ந்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"லேக்கெனா! ஒண்ணுமில்ல! வந்துடு, ஓடி வா!"

"நிஜமாவா?" என்று எங்கிருந்தோ குரல் வந்தது.

"வீட்டம்மாவா? கூப்பிடு, கூப்பிடு. அவளுக்கும் ஒண்ணு வெட்டறேன்." பெரியவர் குனிந்து ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து, காம்பை அறுத்து, முழங்காலில் வைத்துப் பிளந்தார்.

புற்றுக்குப் பின்னாலிருந்து லேக்கெனா எழுந்தாள். போன வழியை விட்டுவிட்டு, குறுக்கே புல்லைப் பிளந்துகொண்டு ஓடிவர ஆரம்பித்தாள். விச்செத் ஈரக் கண்ணோடு அவளுக்குக் கையாட்டினான்.

"அசல் பலகை மாதிரியே இருக்கு மாமா. எங்க எழுதி வாங்கினீங்க?"

"எழுதறதாவது! ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னுது, பிடுங்கிட்டு வந்தேன். அங்க காலை வெச்சா அவ்வளவுதான்னு ஊருக்கே தெரியுமே, பலகை எதுக்கு?"