இடது குழல்

இரண்டு குழலையும் சுட்டுப் பார்க்காமல் அப்பாஸ் ராவுத்தர் பழைய துப்பாக்கி எதையும் வாங்கியதில்லை. ரோசலின் அம்மாள் விற்கும் இரட்டைக்குழலோ இருபத்துநாலு 'போர்' என்னும் அரிய குழல் அளவு. அதற்குத் தோட்டா இப்போது எங்கு தேடினாலும் கிடைக்காது. இறந்துபோன கணவர் மிச்சம் வைத்தவை இரண்டே இரண்டு. ஒன்றால் ஒரு குழலை மட்டும் சோதித்துவிட்டு, மற்றதைத் தன் தோப்பில் ஆசைதீரச் சுடுவதென்று முதன்முறையாகக் கொள்கையைத் தளர்த்தியிருந்தார் ராவுத்தர்.

அம்மாளின் மலையடி வீட்டு வாசலில் நின்று வலது குழலைச் சுட்டார். சத்தம் மலையில் மோதித் திரும்பியது. அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு மலையிறங்கும்போது ஒண்ணு சுடுவாரு. அதைக் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன்."

ராவுத்தர் கடைசித் தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"விலையிலதான் ஒத்தக் காசு குறைக்க மாட்டேன்னுட்டீங்க. சோறாவது போடுங்கம்மா. இடது குழலை மேலே போய்ச் சுட்டுட்டு இறங்கி வர்றேன்."

அவர் மலைப்பாதையில் ஏறினார். அம்மாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, உலை வைக்காமல் காத்திருந்தாள்.