நோட்டில் இல்லாத பேர்

பதினோராவது தடவையா அந்தப் பேரை அழிச்சேன். எரிச்சல்னா எரிச்சல், அப்படி ஒரு எரிச்சல்.

தென்காசி வட்டாரத்து வீடுகள்ல கையால எழுதி வச்சிருக்க வம்சாவளி நோட்டுகளை வாங்கி, போட்டோ புடிச்சு, டைப் அடிச்சு, எல்லாரும் பாக்குற மாதிரி நெட்டுல ஏத்துறோம். நானும் அஃப்சலும் சம்பளமில்லாம இழுத்துப் போட்டுக்கிட்ட வேலை. தப்பு இருந்தா யாரு வேணாலும் திருத்தலாம்னு திறந்து விட்டிருக்கோம். ஒரே ஒரு நிபந்தனை, நோட்டுல இல்லாத பேரைச் சேக்கக் கூடாது.

மேலகரம் வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டு நோட்டுல வந்தது வினை. அண்ணாச்சி ரிட்டயர்டு ஏட்டு. அவரு பேருக்கும் அவரு சம்சாரம் ஆனந்தவள்ளி அக்கா பேருக்கும் கீழ, 'பிள்ளை இல்லை'ன்னு அவரோட அப்பா தெளிவா எழுதியிருக்காரு. நெட்டுல எவனோ அங்கன 'மகள் முப்பிடாதி'ன்னு சேக்குதான். காலையில நான் அழிச்சா, சாயந்திரம் ஆறு மணிக்கெல்லாம் திரும்ப வந்திருது.

அண்ணாச்சிக்குச் செங்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கு. "சொத்துக்கு வாரிசு கெளப்புதானுவ. நாளைக்குக் கோர்ட்டுல நம்ம வெப்சைட்டைத்தான் காட்டுவானுவ"ன்னு அஃப்சல் பயந்தான். விஷயம் வெளிய கசிஞ்சு, சேக் தாவூது பாய் தன் வீட்டு நோட்டைத் திருப்பிக் கேட்டுட்டாரு. இன்னும் ரெண்டு வீடு கேட்டா மூணு வருச உழைப்பு அதோட சரி.

ஞாயித்துக்கிழமை பொறுக்க முடியாம அண்ணாச்சி வீட்டுக்குக் கெளம்பினேன். சீசன் நேரம். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வண்டியெல்லாம் ரோட்டை அடைச்சுக்கிட்டு நின்னுது. இந்தா இருக்க மேலகரத்துக்கு முக்கால் மணி நேரம். சாரல்ல நனைஞ்சு, எவன் கெடைச்சாலும் கடிச்சுத் துப்புற கோவத்துல போய்ச் சேந்தேன்.

மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டினேன். ஸ்டேஷன்ல ஒரு புகார் எழுதிக் குடுங்க, ஆளைப் புடிச்சிரலாம்னேன்.

அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் எட்டிப் பாத்துட்டு, என்னை வெளிய கூட்டிட்டு வந்தாரு.

"நான்தாம்லே எழுதுதேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, எங்களை ஏன் இந்தப் பாடு படுத்துதீயன்னு வயசைக்கூடப் பாக்காம கத்திட்டேன்.

"மெதுவாப் பேசு மாரி, அவ உள்ள இருக்கா. சொன்னா நீ நிபந்தனை பேசுவ. பிள்ளை பொறந்து ஒன்பது நாள் இருந்தா. பதினாறாம் நாள் பேரு வைக்கணும், அதுக்குள்ள போயிட்டா. பேரு வைக்காத பிள்ளைய நோட்டுல எழுத மாட்டேன்னுட்டாரு எங்கப்பா. முப்பிடாதிங்கது ஆனந்தவள்ளி மனசுக்குள்ள வச்சிருந்த பேரு. நாப்பது வருசமா மலடின்னு பேச்சு வாங்கிட்டிருக்கா."

அண்ணாச்சி வாசல் வழியா அடுக்களைப் பக்கம் இன்னொரு தடவை பாத்துக்கிட்டாரு.

"தெனமும் சாயந்திரம் விளக்கேத்திட்டு வந்து, போனை வாங்கி அந்தப் பேரைத் தொட்டுப் பாப்பா. நீ அழிக்கது இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாதுலே."