பேசாத லாகின்

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த புதுப்பையன் முதல் வாரத்திலேயே ஒரு சாதனை செய்திருந்தான். தெரியாமல் கை பட்டால் லாகின் திரையில் இருப்பதையெல்லாம் சத்தமாக வாசித்துத் தொலைக்கும் கம்ப்யூட்டர் குரலை, அலுவலகம் முழுக்க ஒரே சொடுக்கில் அடைத்துவிட்டான். மேனேஜரே முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை பத்தரைக்கு, இரண்டாம் மாடியில் புரோகிராம் எழுதும் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, என் மெஷின் பேச மாட்டேங்குது. உள்ள போகவே முடியல. பதினொண்ணுக்குள்ள புரோகிராமை அனுப்பலன்னா கஸ்டமர் நம்மள கைகழுவிடுவான்."

"பேசலன்னா என்னக்கா? பாஸ்வேர்டை அடிங்க, திறந்துக்கும்."

"சரியான கட்டத்துல அடிக்கிறேனான்னு எப்படித் தெரியும்?"

"திரையைப் பார்த்தா தெரியும்!"

"நீயே வந்து பாரேன்."

'சரியான இம்சை' என்று முனகிக்கொண்டே படியேறினான். மேசையில் கீபோர்டு இருந்தது, குட்டி ஸ்பீக்கர் இருந்தது. திரையைத்தான் காணோம்.

"மானிட்டர் எங்கக்கா?"

"பக்கத்து சீட்டு அண்ணன் ரெண்டு வேணும்னாரு, கொடுத்துட்டேன். பார்வை இல்லாதவளுக்கு அது எதுக்கு, பூ வைக்கவா?"

அவன் கீழே ஓடி, அடைத்ததைத் திறந்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

அதற்குள் அக்கா உள்ளே போயிருந்தார்; புரோகிராமை வாசிக்கும் குரல் அதிவேகத்தில் ஆலங்கட்டி மழையாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அக்காவோ சட்டென்று நிறுத்தி, புரோகிராமில் எங்கோ விட்டுப்போன ஒற்றைப் புள்ளியை வைத்து, பத்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பியே விட்டார்.

வாயைப் பிளந்து நின்றவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதை இன்னும் கொஞ்சம் வேகமா வைக்க முடியுமா? தூக்கம் வருது."