நேரில் ஆய்வு செய்யப்பட்டது

மின்விசிறிக்கு நேர் கீழே மீன்வளத் துறை ஆய்வாளர். அந்தக் காற்றின் மிச்சம் மீதி வந்து சேரும் மூலையில் எழுத்தர். எதிரே, ஒரு கால் ஆடும் பெஞ்சில் படகுக்காரர். அவரை ஒட்டி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவர் மனைவி.

படகின் மீன்பிடி உரிமம் அன்றோடு முடிகிறது. தவறவிட்டால் புது உரிமத்துக்கு நான்கு வருடம் வரிசையில் நிற்க வேண்டும். கரையில் செய்யக்கூடிய வேலை எதுவும் படகுக்காரருக்குத் தெரியாது.

புதுப்பிக்க ஒரே நிபந்தனை, ஆய்வாளர் படகை நேரில் பார்த்திருக்க வேண்டும். படகுத்துறை பொடிநடையாகப் பத்து நிமிடம். ஆய்வாளர் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். கடமை கூப்பிட்டது, நாற்காலி விடவில்லை.

"போய்ப் பாத்துடலாமா?" என்றார், எழாமலே.

படகுக்காரர் பதறிவிட்டார். "இந்த வெயில்ல எதுக்குங்கய்யா? உங்களுக்குத் தெரியாத படகா?"

எழுத்தர் நிமிர்ந்தார். பதினெட்டு வருட அனுபவம். இப்படி உபசாரம் செய்பவரின் படகில் பலகை உளுத்திருக்கும், இல்லாவிட்டால் இயந்திரம் இருமும். ஆய்வாளரின் காதருகே குனிந்து, ஓட்டைப் படகாக இருக்கும், ஒரு எட்டு பார்த்துவிடுவது நல்லது என்றார்.

அதில் ஏறிப் போகப்போவது நாமா என்று கேட்டுவிட்டு ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

உட்கார்ந்த இடத்திலேயே ஆய்வு ஜோராக நடந்தது. அடிப்பலகை உறுதி. இயந்திரம் நல்ல ஓட்டம். உயிர்காப்பு அங்கிகள் ஆறு. ஒன்றில் மட்டும் வார் அறுந்திருக்கிறது. நேர்மைக்கு அடையாளமாக ஒரு குறையாவது வேண்டுமே!

"எங்க, எத்தனை மணிக்குப் பாத்தீங்கன்னும் போட்டுடுங்கய்யா," என்றார் படகுக்காரர் பணிவாக. "நாளைக்கு உங்களை யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது."

இந்த அக்கறையில் ஆய்வாளர் உருகிப்போனார். 'படகுத்துறை வடக்கு ஓரம், காலை பத்தரை' என்று சேர்த்து, கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுத்தர் உரிமத்தையும் ஆய்வறிக்கையின் நகலையும் நீட்டினார்.

வராந்தாவுக்கு வந்ததும் மனைவி கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். ஏற்கெனவே எழுதியதுதான், நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். அதை நிரப்பி, நகலை உள்ளே வைத்து, உறையை ஒட்டினாள்.

'போன வருடம் திருடுபோன எங்கள் படகைக் கண்ட சாட்சியே இல்லை என்று வழக்கை மூடிவிட்டீர்கள். இன்று காலை பத்தரைக்கு அதை நேரில் கண்டவரின் கையெழுத்தும் முத்திரையும் இத்துடன்' என்ற அந்தக் கடிதம், காவல் நிலைய முகவரியோடு வாசல் தபால் பெட்டிக்குள் விழுந்தது.