தத்ரூபமான ஒத்திகை

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எல்லோரும் ஓட ஆரம்பித்ததும்தான் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆரம்பிச்சிட்டாங்க சார்!" என்று ஆய்வாளரின் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டார்.

பேப்பர் மில்லில் கூழை வெளுக்கும் கூடத்துக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த ஏசி அறை. கீழே குளோரின் கசிந்தால் தொழிலாளர்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்று அரசாங்க ஆய்வாளருக்குக் காட்டத்தான் இன்றைய ஒத்திகை. அவர் வந்து உட்கார்ந்ததும் சைரனைத் தட்டிவிடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார் அதிகாரி. ஆய்வாளர் டீயைக் குடித்து முடித்தும் கீழே ஒருவரும் அசையவில்லை. அதில்தான் பாதி உயிர் போயிருந்தது.

"சைரன் சத்தமே கேக்கலையே?" என்றார் ஆய்வாளர்.

"ரெட்டைக் கண்ணாடி சார். மெஷின் போடற கூச்சலே இங்க கேக்காது. மேனேஜர் காதுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு போட்டது."

"கீழ இருக்கறவங்க காதுக்கு?"

"அவங்களுக்கெல்லாம் பழகிடுச்சு சார்."

ஆய்வாளர் தலையாட்டினார். அந்த ஆட்டத்தில்தான் அதிகாரியின் எதிர்காலமே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் தற்காலிகம்தான். மாமனார் போனை எடுத்தால் "என்ன மாப்ளே, வேலை நிரந்தரமாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். மகள் சௌக்கியமா என்பதெல்லாம் அதற்கப்புறம். ஆய்வாளர் இன்று மெச்சிவிட்டுப் போனால் சாயந்தரமே உத்தரவு கையில் இருக்கும் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் இந்த ஆட்களை எப்படி நம்புவது? போன வாரம் சொல்லிக்கொடுத்தபோது, சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்கப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். ஒருவர் வாசலில் நின்று நிதானமாகத் தலை வாரிக்கொண்டார். "கொஞ்சம் பயந்த மாதிரி ஓடுங்கப்பா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!" என்று அதிகாரி கெஞ்சாத குறைதான்.

இன்று என்னடாவென்றால், பிய்த்து உதறிக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு, செருப்பை விட்டது விட்டபடி ஓடினார்கள்.

"முகமூடி ஒண்ணும் காணோமே?"

"பீரோல பத்திரமாப் பூட்டி வெச்சிருக்கோம் சார். எல்லாம் புத்தம் புதுசு. வெளிய குடுத்தா அழுக்காக்கிடுவாங்க."

அந்த நேரம் பார்த்து, கூடத்தின் நடுவில் தொழிலாளி குண்டண்ணன் தொப்பென்று விழுந்தார். அதிகாரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். தூக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒல்லியைத்தான் மயங்கி விழச் சொல்லியிருந்தார். மயங்க வேண்டிய ஒல்லியோ குண்டண்ணனின் இரண்டு காலையும் பிடித்து, மூச்சிரைக்க வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். கடைசி நேரத்தில் வேஷத்தை மாற்றிக்கொண்டு மானத்தை வாங்குகிறார்களே என்று பல்லைக் கடித்தார் அதிகாரி.

"அடேங்கப்பா! என்னமா விழறாரு!" என்றார் ஆய்வாளர்.

பல்லைக் கடித்தவர் உடனே பல்லைக் காட்டினார். "நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்."

வெளியே போன மேஸ்திரி மறுபடி உள்ளே ஓடி வந்தார். மாடியை அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் வீசி வீசி என்னவோ கத்தினார். தொண்டையைக் காட்டினார், வாசலைக் காட்டினார், இடையிடையே குனிந்து இருமினார்.

"அவரு யாரு?"

"மேஸ்திரி சார். சும்மாவே கொஞ்சம் ஓவராப் போவாரு."

அதிகாரி கட்டை விரலை உயர்த்தி, பிரமாதம் என்று காட்டினார். மேஸ்திரி படாரென்று தலையில் அடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார். கூடம் காலியானது. மொத்தக் கூட்டமும் கண்மூடித் திறப்பதற்குள் வெளியேறிவிட்டது.

ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் துடைத்தார். "எத்தனையோ மில்லு பாத்துட்டேன்பா. இவ்வளவு தத்ரூபமா எவனும் செஞ்சதில்ல. பாரு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அதிகாரிக்கும் தொண்டையை அடைத்தது. நன்றி சொல்ல வாயெடுத்தால் வார்த்தைக்குப் பதில் இருமல்தான் வந்தது. ஆனந்தம் ஆளை இந்தப் பாடு படுத்தும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"கவலைய விடு. மேனேஜர் எல்லாம் சொன்னாரு. உன் வேலை நிரந்தரமாக நான் ஆச்சு," என்று ஆய்வாளர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மேஜைமேல் இருந்த இன்டர்காம் ஒலித்தது. வாழ்த்துச் சொல்ல மேனேஜர்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிப்போய் எடுத்தார் அதிகாரி. பேசியது எலக்ட்ரீஷியன், கேட் பக்கத்து சைரன் அறையிலிருந்து.

"மன்னிச்சுக்குங்க சார், ஃபியூஸ் போயிருந்துச்சு, இப்பதான் மாத்தினேன். சைரன அடிச்சு ஒத்திகைய ஆரம்பிச்சிடலாமா?"